உபதேசியார் மறந்த ஞாயிற்றுக்கிழமை

திருச்சி
3 ஜூலை 2024

மதிப்பிற்குரிய அம்மையீர்,

உங்களை எனக்குத் தெரியாது. ஒரு மின்பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'தட்டச்சும் மெய்ப்பும்: கமலினி தேசிக், ஸ்ரீரங்கம்' என்று இருந்தது. உங்கள் மின்னூலகத்துக்கு எழுதி இந்த முகவரியை வாங்கினேன். நான் இங்கே ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். திருச்சி மாவட்டக் கிராமக் கோயில்களின் வரலாறுதான் என் ஆய்வு. கோயில் என்றால் எங்கள் வழக்கில் மாதா கோயில்.

நீங்கள் தட்டச்சு செய்து ஏற்றிய 'சவரிமுத்து உபதேசியாரின் நாட்குறிப்பு' எனக்குக் கிடைத்த நாளை மறக்கவே முடியாது. (உபதேசியார் என்றால் பங்குத்தந்தை இல்லாதபோது கோயிலில் செபம் நடத்துகிறவர்.) அதில் வரும் புங்கந்துறை என் சொந்த ஊர், முசிறிச் சாலையில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. வடக்குத் தெருக்காரர்களுக்கு உட்பக்கம், தெற்குத் தெருவில் இருக்கும் எங்களைப் போன்ற தலித் குடும்பங்களுக்கு வெளிப்பக்கம். என் தாத்தா வெளிப்பக்கத்தில்தான் கிடக்கிறார். 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்று சொல்லியே எங்கள் வாயை அடைத்துவந்தார்கள். அப்போதுதான் இந்த வரிகளைப் படித்தேன்:

'1877 ஆகஸ்டு 19, வெள்ளிக்கிழமை. காலை முதல் அந்திவரை எல்லாருமாய்ச் சேர்ந்து குழி வெட்டினோம். பஞ்சத்தில் மாண்டவர் ஒன்பது பேர். வடக்குத் தெருப் பிணமென்றும் தெற்குத் தெருப் பிணமென்றும் பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை. ஒரே குழி, ஒரே மண். என் மனைவி ஞானப்பூ ஒன்பது பேருக்கும் ஒரே செபம் சொன்னாள்.'

இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். கட்டுரையை வைத்துத் தெற்குத் தெருப் பெண்கள், கோயில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவைக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் சுவரை எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பேரவையோ மூலப் புத்தகத்தைக் காட்டச் சொல்கிறது. அந்தப் பிரதி எங்கே இருக்கிறது? பக்கங்களின் படம் கிடைத்தாலும் போதும். உங்கள் உதவிக்குத் தெற்குத் தெருவே நன்றி சொல்லும்.

அன்புடன்,
அருள்ராஜ்


ஸ்ரீரங்கம்
9 ஜூலை 2024

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

ஆறு வருஷத்துக்கு முன்னால் தட்டியதை ஒருவர் முழுதாகப் படித்திருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் மின்னூலகத்தில் பட்டியலிலிருந்து எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்வோம். அப்படி எனக்கு வந்தது அது. 'ஏண்டி, ஆத்துல இத்தனை கிரந்தம் பூச்சி அரிச்சுண்டு கிடக்கு, நீ உபதேசியார் புஸ்தகத்தைத் தட்டிண்டு உக்காந்திருக்கியே' என்று என் கணவர் தேசிக் அப்போதே கேலி செய்தார். அந்தத் தமிழ் பிடித்துப்போய் மூன்று வாரத்தில் முடித்தேன்.

பக்கங்களின் படங்களை இணைத்திருக்கிறேன். மூலப் பிரதி எங்களிடம் இல்லை. யாரோ ஒரு அன்பர் குறுவட்டில் போட்டுக் கொடுத்தது. மேலட்டைக்கு அடுத்து நேராக ஐந்தாம் பக்கம் வருகிறது. நடுவில் இருந்தது வெற்றுத்தாளாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன். அட்டையில் 'நாட்குறிப்பு' என்று இருந்ததால் நாட்குறிப்பு என்ற வகையிலேயே சேர்த்தேன்.

இன்னொன்று. உங்கள் கடிதம் வந்ததால் மறுபடி படித்தேன். நான் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். எந்த வரைபடம் கடைசித் திருத்தம், எது பழையது என்று பார்ப்பதே என் வேலை. தேதியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பழைய காலண்டரைப் போட்டுப் பார்த்தேன். 1877 ஆகஸ்டு 19 ஞாயிற்றுக்கிழமை. நான் தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று படத்தைப் பார்த்தேன். அச்சிலும் வெள்ளிக்கிழமை என்றுதான் இருக்கிறது.

வேறு யாராவது எழுதியிருந்தால் கிழமை மாறிப்போயிற்று என்று விட்டுவிடலாம். எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன். ஓர் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமையை மறப்பாரா?

ஊர் ஒன்றுதானே, நேரில் பேசலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எழுத்தில் இருந்தால் சொன்னதைத் திரும்பப் பார்க்கலாம் என்பது என் சுபாவம்.

இப்படிக்கு,
கமலினி


திருச்சி
12 ஜூலை 2024

அன்புள்ள கமலினி அம்மாவுக்கு,

படங்களுக்கு நன்றி. உங்கள் கேள்வியை நானும் யோசித்தேன். பஞ்ச காலம். ஒன்பது பிணம். சாப்பாடு இல்லாமல் தலை சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதர். இரண்டு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதியிருந்தால் கிழமை தவறாதா? ஒரு கிழமைக்காக ஒரு சாட்சியைத் தள்ளிவிட முடியுமா?

மேலும் இது ஒரு தளத்தில் மட்டும் இல்லை. தேடிப் பார்த்தேன், இன்னும் இரண்டு தளங்களில் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் ஓர் அம்மையார் இதை மேற்கோள் காட்டியிருக்கிறார். மூன்று இடத்தில் ஒரே விஷயம் இருந்தால் அதற்கு ஒரு கனம் உண்டு என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

மனுவை எழுதியவர் சகாயம்மாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். நாற்பது கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஞானப்பூ செபம் சொன்ன அந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தெற்குத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். சில வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முன்பக்கங்கள் எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அருள்ராஜ்


ஸ்ரீரங்கம்
28 ஜூலை 2024

அன்புள்ள அருள்ராஜ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதி அழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மூன்று தளங்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் 'ஞானப்பூ' என்பதை 'ஞானப்பு' என்று தட்டியிருக்கிறேன். அச்சில் சரியாகத்தான் இருக்கிறது, என் விரல் செய்த பிழை. மற்ற இரண்டு தளங்களிலும் அதே இடத்தில் அதே 'ஞானப்பு' இருக்கிறது. வெளிநாட்டு அம்மையாரும் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். அவை மூன்று சாட்சிகள் இல்லை. எல்லாம் என்னைப் பார்த்து எழுதியவை.

இரண்டாவது. பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஆசாத் பாய் என்று ஒருவர் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். பதினைந்து நாளாக அவரைத் தொந்தரவு செய்தேன். 'அம்மா, இது சர்ச் புக்கு. உங்களுக்கு எதுக்கு? நல்ல திவ்யப்பிரபந்தம் ஒண்ணு வந்திருக்கு, எடுத்து வைக்கவா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முந்தாநாள் அவரே போன் செய்தார். யாரோ ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து வந்த புத்தகக் கட்டுக்குள் இருந்ததாம். அதே புத்தகம், அட்டை இல்லை, ஆனால் முன்பக்கங்கள் இருந்தன. வெற்றுத்தாள் இல்லை. மூன்றாம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'வாசிப்போர்க்கு. இது நடந்த சரித்திரமன்று. சவரிமுத்து உபதேசியார் என்றொருவர் எவ்வூரிலும் இருந்ததாக நான் அறியேன். புங்கந்துறைக் கல்லறையில் நிற்கும் சுவரை நாடோறும் கடந்து பள்ளிக்கூடம் போகிறவன் நான். அது இல்லாதிருந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்க வேண்டுமென்று தோன்றிற்று. நினைத்ததை எழுதினேன். ஆ. மரியசூசை, பள்ளி ஆசிரியர், 1931.'

படம் இணைத்திருக்கிறேன். தாளும் அச்செழுத்தும் நம் பிரதியோடு பொருந்துகின்றன. ஐந்தாம் பக்கத்திலிருந்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்துவிட்டேன்.

இது கதை. கதை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்ன பக்கம் இல்லாமல் ஏற்றியது நான். நாட்குறிப்பு என்று பெயர் வைத்து அலமாரியில் அடுக்கியதும் நான். உங்கள் கட்டுரைக்கும், அந்த வீடுகளில் ஒட்டியிருக்கும் தாளுக்கும் முதல் காரணம் என் அவசரம். இதற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் இதைத் திருத்தியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று இரண்டு வாரம் நிறுத்திவைத்திருக்கிறேன்.

கமலினி


திருச்சி
30 ஜூலை 2024

அம்மா,

படத்தைப் பார்த்தேன். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நவம்பர் வரைக்கும் உங்களால் பொறுத்திருக்க முடியாதா? நூறு வருஷம் யாரும் திறக்காத பக்கம், இன்னும் மூன்று மாதம் மூடிக் கிடந்தால் யாருக்கு நஷ்டம்? சுவர் விழுந்த பிறகு நீங்கள் என்ன வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இது ஒரு பக்கத்தின் வகைப்பாடு. எங்களுக்கு எங்கள் செத்தவர்களின் இடம். ஏழு மதிலுக்குள்ளே குடியிருக்கிறவர்களுக்கு ஒரு சுவர் பெரிய விஷயமாகத் தெரியாது.

அருள்ராஜ்


ஸ்ரீரங்கம்
14 ஆகஸ்டு 2024
பதிவுத் தபாலில்

அன்புள்ள அருள்ராஜ் அவர்களுக்கு,

மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், நீங்கள் திறக்கவில்லை போலிருக்கிறது. அதனால் கையால் எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதை நான் செய்யவில்லை. இன்று காலை எங்கள் பக்கத்தில் முகவுரையைச் சேர்த்துவிட்டேன். அதன் மேலே ஒரு குறிப்பு: 'இது நாட்குறிப்பு அன்று, கதை. முன்பு தவறாக வகைப்படுத்தியது நான். கமலினி தேசிக்.' மற்ற இரு தளங்களுக்கும் வெளிநாட்டு அம்மையாருக்கும் எழுதிவிட்டேன்.

ஏன் பொறுக்கவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கிழமையைக் கண்டுபிடிக்க எனக்குக் கைப்பேசியில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வடக்குத் தெருவில் யாராவது ஒரு பிள்ளை அதையே செய்தால்? பேரவையில் எழுந்து நின்று கேட்டால்? அன்றைக்கு அந்த நாற்பது பெண்களும் பொய் சொன்னவர்கள் ஆகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எந்த நியாயத்தைச் சொன்னாலும் யார் காதில் ஏறும்? தப்பு நம் இருவருடையது. அதை நாமே சொன்னால் நம் தலையோடு போகும்.

ஏழு மதில் என்று எழுதியிருந்தீர்கள். வாஸ்தவம். அதில் எது எதைக் காக்கக் கட்டியது, எது யாரை நிறுத்தக் கட்டியது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது காலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது யோசிக்கிறேன். அதற்கு மேல் பேச எனக்கு அருகதை இல்லை.

வெறுங்கையோடு எழுதவில்லை. வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்று பழைய மாதா கோயில் பங்குகளின் பதிவேடுகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. தேடியதில் புங்கந்துறை என்ற பெயரில் அடக்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது, 1871 முதல் 1890 வரை. யார் கொடுத்தது, எந்த வருஷம் படம் எடுத்தது, எத்தனை பக்கம், எந்தப் பக்கம் இல்லை என்பதெல்லாம் முதலிலேயே குறித்திருக்கிறார்கள். நான் செய்யாமல் விட்ட வேலை. முகவரியைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். லத்தீனில் இருப்பதால் எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று தெரியாமலேயே அனுப்புகிறேன். நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கமலினி


திருச்சி
20 செப்டம்பர் 2024

அன்புள்ள கமலினி அம்மாவுக்கு,

உங்கள் தபால் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுதாததற்கு வேலை அதிகம் என்று சொல்லலாம், ஆனால் அது காரணமில்லை. உங்கள் பேரில் கோபம் இருந்தது. பிறகு பார்த்தால் கோபம் என் பேரில்தான். கிழமையை நான் பார்த்திருக்க வேண்டும். அது என் தொழில். எனக்கு வேண்டியதைச் சொன்னதால் நான் கேள்வி கேட்கவில்லை. மாணவன் இப்படி எழுதிக்கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

முதலில் ஊருக்குப் போய்ச் சகாயம்மாளிடம் சொன்னேன். பள்ளிக்கூடச் சமையலறையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அப்ப அந்த உபதேசியார் இல்லவே இல்லையா சார்?"

"இல்லம்மா."

"ஞானப்பூ?"

"அவங்களும் இல்ல."

கையிலிருந்த முட்டையைப் பாத்திரத்தில் வைத்தார். "அந்தப் பொம்பள இருந்தான்னு ரொம்ப நம்பிட்டேன் சார். செபம் சொல்லறப்ப எல்லாம் அவள நெனச்சுக்குவேன்" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பிறகு பதிவேட்டைத் திறந்தேன். நான் பட்டம் படிக்க வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் குருமடத்தில் பாதிரியாருக்குப் படித்தவன். அந்த லத்தீன் இதற்குத்தான் மிச்சமிருந்தது போலும். 1877 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நாற்பத்து மூன்று அடக்கம். இருபத்தாறு பெயருக்கு எதிரே ஓரத்தில் இரண்டே சொற்கள், 'எக்ஸ்த்ரா மூரும்.' சுவருக்கு வெளியே என்று அர்த்தம். இருபத்தாறும் தெற்குத் தெரு.

இந்தத் தடவை படத்தை மட்டும் நம்பவில்லை. பங்குத்தந்தையிடம் கேட்டு இரும்பு பீரோவைத் திறந்து மூலத்தையே பார்த்தேன். பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் அதே ஏடு, அதே கையெழுத்து. முன்னும் பின்னும் உள்ள வருஷங்களின் முத்திரையும் சரியாக இருக்கிறது. கிழமைகளையும் பார்த்தேன். பிசகவில்லை.

ஆக, வடக்குத் தெருக்காரர்கள் சொன்னது சரி. ஆதியிலிருந்தே இப்படித்தான். பஞ்சத்தில்கூட, தெம்பில்லாத நேரத்தில்கூட, பிணத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகத் தெம்பு இருந்திருக்கிறது.

இதைச் சொல்ல மறுபடி சகாயம்மாளிடம் போனேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் போனேன். அவர் கேட்டுவிட்டு, "அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னா நாங்க கேட்டோம்? நாளைக்கு எங்கள எங்க வப்பீங்கன்னுதானே கேட்டோம். அதுக்கு எதுக்கு சார் பழைய புஸ்தகம்?" என்றார்.

மனு அப்படியே இருக்கிறது. அக்டோபர் இருபதாம் தேதி பேரவை கூடுகிறது. கதையையும் பதிவேட்டையும் இரண்டையும் அங்கே நானே சொல்லப் போகிறேன்.

முன்கடிதத்தில் எழுதிய ஒரு வாக்கியத்துக்காக வருந்துகிறேன். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அருள்ராஜ்


ஸ்ரீரங்கம்
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அருள்ராஜ் அவர்களுக்கு,

அந்த வாக்கியத்துக்கு வருந்த வேண்டாம். அது தப்பான வகையில் அடுக்கப்படவில்லை.

கடிதத்தைத் தேசிக்குக்கு வாசித்துக் காட்டினேன். கேலி செய்வாரென்று நினைத்தேன். இருபத்தாறு பேர் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இதையும் கேட்காமல் விட்டால் பழைய தப்பையே செய்தவள் ஆவேன். 'சுவருக்கு வெளியே' என்பது எந்தச் சுவருக்கு? கல்லறைக்குள் நிற்கும் இந்தச் சுவரா, கல்லறையைச் சுற்றிய மதிலா, கோயில் மதிலா? இடமில்லாமல் மதிலுக்கு வெளியே வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இப்போது கிடைத்திருப்பது உங்களுக்கு வேண்டாத செய்தி. அதற்காக அதைக் குறைவாகச் சோதிக்கக் கூடாது, கூடுதலாகவும் கூடாது. பதிவேட்டில் சுவர் என்ற சொல் வேறு எங்கே வருகிறது என்று பாருங்களேன்.

எனக்குப் பேரவை என்றால் என்னவென்றுகூடச் சரியாகத் தெரியாது. இருபதாம் தேதி உங்களை நினைத்துக்கொண்டிருப்பேன்.

கமலினி


புங்கந்துறை
22 அக்டோபர் 2024

அன்புள்ள கமலினி அம்மாவுக்கு,

உங்கள் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஏட்டை முதலிலிருந்து வரி வரியாகப் படித்தேன். 1881 டிசம்பரில் அடக்கங்களுக்கு நடுவே பங்குச் சாமியார் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். பெருமழையில் 'கல்லறைத் தோட்டத்தை இரண்டாய்ப் பிரிக்கும் சுவர்' முழுதும் விழுந்துவிட்டது என்று. ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டபடி தை மாதம் மறுபடி கட்டப்பட்டது என்று அதனடியில் பின்னால் சேர்த்திருக்கிறார். அந்த ஒரு மாதத்தில் இரண்டு தெருவிலுமாக ஐந்து அடக்கம். ஐந்துக்கும் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. எழுதச் சுவர் இல்லை.

பேரவையில் மொத்தம் முப்பத்தொரு பேர். முதலில் நாட்குறிப்பு கதை என்று சொன்னேன். வடக்குத் தெரு ரத்தினவேல் எழுந்தார். எனக்கு ஐந்தாம் வகுப்பில் பக்கத்து இருக்கை.

"கதைப் புத்தகத்தை வச்சுக்கிட்டா இத்தனை மாசமா எங்களக் குத்தவாளி ஆக்குனீங்க?"

"ஆமா, தப்பு என்னோடது. இவங்க யாரோடதும் இல்ல" என்றேன். தெற்குத் தெருப் பெண்களைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு பதிவேட்டைப் படித்தேன். இருபத்தாறு பெயரையும் படித்தேன். பதினேழாவது 'குழந்தை, பெயர் தெரியவில்லை.'  ரத்தினவேல், "அதான் ஆதியிலேருந்தே இருக்குன்னு நீயே சொல்லிட்டியே" என்றார். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

அப்போது 1881 குறிப்பைப் படித்தேன். சகாயம்மாள் எழுந்தார். "அப்ப அது தானா ஒரு தடவ விழுந்திருக்கு. ஒரு மாசம் எல்லாரும் ஒண்ணாத்தான் கெடந்திருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எடுத்துக் கட்டுனது மனுசங்கதானே? கட்டுனவங்க பேரனுங்க இங்கதானே உக்காந்திருக்கீங்க. எடுங்க" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

பங்குத்தந்தை வாக்கெடுக்கச் சொன்னார். பதினெட்டுக்குப் பதிமூன்று. சுவர் போகிறது. இனி அடக்கம் தெரு பார்க்காமல் வரிசைப்படி.

வெளியே வந்ததும் சகாயம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு நடந்தத எழுதுங்க சார். யாரு வந்தாங்க, யாரு என்ன பேசினாங்க, எத்தன கை தூக்குச்சு, எல்லாம். எங்கள நல்லவங்களாவும் எழுத வேணாம், அவங்கள கெட்டவங்களாவும் எழுத வேணாம். இன்னொரு வாத்தியாரு ஒக்காந்து கற்பனை பண்ண வேண்டியிருக்கக் கூடாது" என்றார்.

எழுதியிருக்கிறேன், ஏழு பக்கம். இந்தச் சபைக்கு நான் வந்தது எதற்கு, எனக்கு இதில் என்ன சார்பு என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் ஊரிலேயே தங்கி, கூட்டத்துக்கு வந்தவர்களிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். இணைத்திருக்கிறேன். உங்கள் மின்னூலகத்தில் வைக்க முடியுமா? வைப்பதற்கு முன்னால் என்னை நம்பாமல் ஒரு தடவை பாருங்கள்.

அருள்ராஜ்


ஸ்ரீரங்கம்
26 அக்டோபர் 2024

அன்புள்ள அருள்ராஜ் அவர்களுக்கு,

ஏழு பக்கத்தையும் நம்பாமல்தான் படித்தேன். அக்டோபர் இருபது ஞாயிற்றுக்கிழமை, சரி. பூசைக்குப் பிறகு கூட்டம் என்பதும் சரி. எழுத்துப்பிழை பதினொன்று இருக்கிறது, அதில் நான் கைவைக்கவில்லை. அடிக்குறிப்பில் மட்டும் காட்டியிருக்கிறேன்.

ஒன்று உதைக்கிறது. வந்தவர்கள் முப்பத்தொன்று. கையெழுத்தும் கைநாட்டுமாக இருப்பது இருபத்தொன்பது. பதிமூன்று பேர் எதிர்த்துக் கை தூக்கியவர்கள், அவர்களில் பன்னிரண்டு பேர்கூட நடந்தது இதுதான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விடுபட்ட இருவர் யார்? ஒருவர் எதிர்த்தவர் என்று கணக்குப் போட்டே தெரிகிறது. இன்னொருவர் ஆதரித்தவராக அல்லவா இருக்க வேண்டும்? பின்னால் படிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

'ஊரார் எழுதிய ஆவணம்' என்று புதிதாக ஒரு வகை திறக்கச் சொல்லி எங்கள் நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். இதுவரை அப்படி ஒன்று எங்களிடம் இல்லை.

கமலினி


புங்கந்துறை
3 நவம்பர் 2024

அன்புள்ள கமலினி அம்மாவுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். சுவரை முப்பதாம் தேதியே எடுத்துவிட்டார்கள். முசிறியிலிருந்து இயந்திரம் வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சுவர் நின்ற இடத்தில் வெளிறிப்போன மண் ஒரு கோடாகத் தெரிகிறது. நேற்று மாலை மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்கள் அந்தக் கோட்டின் மேல் கால் வைக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்கள், இரண்டு தெருக்காரர்களும்தான். சகாயம்மாள் மட்டும் வேண்டுமென்றே அதன் மேல் நடந்தார்.

மரியசூசை வாத்தியாரின் கல்லறையைத் தேடினேன். இந்த ஊரில் இல்லை. எங்கே போனார், எங்கே செத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவேடுகளில் தேடவேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாத இருவரையும் நான்தான் விட்டுவிட்டேன். ஒருவருக்காகக் கூச்சப்பட்டு இருவரையுமே எழுதவில்லை. அது தப்பு. கீழே உள்ளதை எட்டாம் பக்கமாகச் சேர்த்துவிடுங்கள்.

எதிர்த்தவர் ரத்தினவேல். அவர் சொன்னது: 'எழுதியிருக்கறதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா கையெழுத்துப் போட்டா நாளைக்கு எம் புள்ளைங்க நானும் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்கும். நான் ஒத்துக்கல. அப்படின்னே எழுதிக்க.'

ஆதரித்துக் கை தூக்கியும் கையெழுத்துப் போடாதவர் சின்னப்பன், வயது எழுபத்தெட்டு, தெற்குத் தெரு. என் அப்பா. மூன்று தடவை அந்த ஏழு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனேன், மூன்று தடவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நேற்று மாலை தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அங்கே வைத்துக் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதுகிறேன்:

'சுவரு போனது நல்லதுதான். நானுந்தான் கை தூக்குனேன். ஆனா வரிசைப்படின்னு எழுதியிருக்கீங்களே, அதுல என்னைச் சேக்காதீங்க. வரிசையில போனா என்னை அந்தக் கோடியில வப்பீங்க. எங்கப்பா இத்தன வருசமா இந்த ஓரத்துல தனியாக் கெடக்காரு. நான் இவரு பக்கத்துலதான் படுப்பேன்.'

அருள்ராஜ்